அமெரிக்காவில் புல்வெளிப் பராமரிப்பு ஃப்ரான்சைஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது எப்படி?

அமெரிக்காவில் வீட்டுப் புல்வெளிகளுக்கு உரமிடுவது, களை போக்குவது, இலையுதிர் காலத்தில் மண்ணைத் துளையிட்டு விதை தூவுவது ஆகிய வேலைகளைச் செய்யும் தொழிலில், லான் டாக்டர், வீட் மேன், ஸ்பிரிங்-கிரீன், நேச்சுராலான் போன்ற பெயர்கள் ஃப்ரான்சைஸ் முறையில்தான், அதாவது உள்ளூர்க்காரர் ஒருவர் கட்டணம் கட்டி நிறுவனத்தின் பெயரையும் செயல்முறையையும் வைத்துத் தொழில் நடத்தும் முறையில்தான், ஊர் ஊராகப் பரவின. ஒப்பந்தக் காலம் பெரும்பாலும் 5 அல்லது 10 ஆண்டுகள். அது முடியும் தறுவாயில் பிராண்டு நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதமும், கூடவே கனமான ஒரு புதிய ஒப்பந்தமும் வரும். கையெழுத்திட்டு அனுப்ப 30 நாள் அவகாசம் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் புதுப்பித்தலைப் பற்றி யோசிக்கத் தொடங்குபவருக்குப் பேரம் பேசும் வலு அநேகமாக இருக்காது. பேசவேண்டிய காலம் அதற்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்களில், புதுப்பிக்கும் உரிமை என்பது பழைய ஒப்பந்தம் அப்படியே நீள்வதைக் குறிக்காது. புதுப்பிக்கும் நாளில் அந்த நிறுவனம் புதிதாகச் சேர்பவர்களிடம் எந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறதோ, அதே படிவத்தில் நீங்களும் கையெழுத்திட வேண்டும் என்பதே அதன் பொருள். ராயல்டி (வருமானத்தில் நிறுவனத்துக்குக் கட்டும் பங்கு) விகிதம், விளம்பர நிதி, மென்பொருள் கட்டணம், நீங்கள் வேலை செய்யும் பகுதியின் எல்லை, வழக்கு நடத்தும் ஊர் ஆகிய எதுவும் மாறியிருக்கலாம். ஆகவே பத்தாண்டுகளாக வாடிக்கையாளர்களைச் சேர்த்து வளர்த்தவரானாலும், புதுப்பிக்கும்போது புதிதாக ஃப்ரான்சைஸ் வாங்குபவரின் கண்ணோடுதான் காகிதங்களைப் படிக்க வேண்டும்.

தேதிகளை முதலில் கணக்கிடுங்கள்

பழைய ஒப்பந்தத்தையும், அதனுடன் பின்னர் கையெழுத்தான திருத்தங்களையும் எடுத்து, புதுப்பித்தல் ஷரத்தைக் கண்டுபிடியுங்கள். "காலம் முடிவதற்கு 12 மாதங்களுக்கு முன்னதாக அல்லாமலும், 6 மாதங்களுக்குப் பின்னதாக அல்லாமலும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்" என்ற பாணியில் ஒரு வாசகம் இருக்கும். 2017 மே 15 அன்று தொடங்கிய 10 ஆண்டு ஒப்பந்தம் 2027 மே 14 அன்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அறிவிப்பு கொடுக்கக்கூடிய காலம் 2026 மே 14 முதல் நவம்பர் 14 வரை மட்டுமே. நம் தொழிலில் மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள் அவை. கோடையில் களையும் பூச்சியும், செப்டம்பரில் துளையிடலும் விதைப்பும், நவம்பரில் கடைசிச் சுற்று உரமும் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, கடைசி நாள் சத்தமில்லாமல் கடந்துபோவது மிக எளிது. கடந்துபோனால், நிறுவனம் விரும்பினால் மட்டுமே புதுப்பித்தல் என்ற நிலை வந்துவிடும்.

காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் பாருங்கள். சில ஒப்பந்தங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்தும், சில பயிற்சி முடித்துத் தொழில் தொடங்கிய நாளிலிருந்தும் எண்ணுகின்றன. இரண்டுக்கும் இடையே சில மாத வித்தியாசம் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் முந்தைய தேதியை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அறிவிப்பை எந்த முகவரிக்கு, எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்பதை வேறொரு ஷரத்து சொல்லும். அது சர்டிஃபைட் மெயில் (ரசீது தரும் பதிவு அஞ்சல்) அல்லது கூரியர் என்று சொல்லும்போது, மண்டல மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலும், ஆண்டு மாநாட்டில் தோளில் தட்டி அவர் சொன்ன "கவலைப்படாதீர்கள்" என்ற வார்த்தையும் அறிவிப்பாகாது. சொன்ன வழியிலேயே அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலும் கூடுதலாக அனுப்பலாம்.

இந்த அறிவிப்பில் "புதுப்பிக்கும் உரிமையைப் பயன்படுத்த விரும்புகிறேன், புதிய ஒப்பந்தத்தின் வாசகத்தையும், நான் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளின் பட்டியலையும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று கேட்பது போதும். கட்டணங்களைப் பற்றிய வாதங்களை இதற்குள் நுழைக்க வேண்டாம். நிபந்தனையோடு கொடுத்த அறிவிப்பு அறிவிப்பே அல்ல என்று பின்னர் ஒருவர் சொல்ல இடம் தரக்கூடாது.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்?

நினைப்பதைவிடக் குறைவாகவே வரும். ஃபெடரல் வர்த்தக ஆணையத்தின், அதாவது எஃப்.டி.சி.யின் ஃப்ரான்சைஸ் விதி 1970-களின் இறுதியில் உருவாகி, 2007-இல் திருத்தி எழுதப்பட்டது. எஃப்.டி.டி. எனப்படும் வெளிப்படுத்தல் ஆவணத்தில் 23 தலைப்புகளில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நிறுவனத்துக்கு அது கட்டளையிடுகிறது. ஒப்பந்தம் நியாயமாக இருக்க வேண்டும் என்றோ, புதுப்பித்துத் தர வேண்டும் என்றோ அது சொல்வதில்லை. நிறுவனம் அந்த விதியை மீறினாலும், அதைக் காட்டித் தனிநபர் நேரடியாக வழக்குத் தொடர முடியாது. பெட்ரோல் நிலையங்களுக்கு 1978-ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டம் ஒன்று புதுப்பித்தல் பாதுகாப்பு அளிக்கிறது. கார் விற்பனையாளர்களுக்கு 1956-லேயே ஒரு சட்டம் வந்தது. பெட்ரோல் நிலையம் நடத்தும் நண்பர் சொல்லும் அனுபவத்தை நம் தொழிலுக்குப் பொருத்திப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

புதுப்பிக்கும்போது புதிய எஃப்.டி.டி. தர வேண்டிய கட்டாயமும் எப்போதும் இல்லை. தொழில் இடைவெளியின்றி நடந்துகொண்டிருந்து, புதிய ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் பழையவற்றிலிருந்து பெரிதாக வேறுபடாவிட்டால், ஃபெடரல் விதியின் கண்ணில் அது புதிய விற்பனை ஆகாது. பெரிதாக வேறுபட்டால் அது விற்பனையே. அப்போது கையெழுத்துக்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன் ஆவணம் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். நடைமுறையில் பல நிறுவனங்கள் எச்சரிக்கைக்காகக் கொடுத்துவிடுகின்றன. கொடுக்காவிட்டால் கேளுங்கள். அதற்கும் முன்பாக, விஸ்கான்சின், மினசோட்டா, கலிஃபோர்னியா மாநிலங்களின் அரசு இணையதளங்களில் பதிவான எஃப்.டி.டி.களை யாரும் கட்டணமின்றித் தேடிப் படிக்கலாம். உங்கள் நிறுவனம் அம்மாநிலங்களில் பதிவு செய்திருந்தால், அது புதியவர்களிடம் இப்போது என்ன கேட்கிறது என்பதை அறிவிப்பு அனுப்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும். பேரத்துக்கு இதைவிட மலிவான தயாரிப்பு கிடையாது.

மாநிலச் சட்டங்கள்தான் உண்மையில் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. கலிஃபோர்னியாவில் புதுப்பிக்க மறுப்பதானால் 180 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். மினசோட்டாவிலும் அதே 180 நாட்கள். இலினாயில் 6 மாத அறிவிப்பு தராவிட்டாலோ, ஒப்பந்தத்திலுள்ள போட்டித் தடையை (விலகிய பின் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற ஷரத்தை) காட்டி அதே தொழிலை வேறு பெயரில் செய்யவிடாமல் தடுத்தாலோ, தொழிலின் மதிப்புக் குறைவுக்கு ஈடு தராமல் புதுப்பிக்க மறுப்பது சட்ட மீறலாகும். விஸ்கான்சினில் 90 நாள் அறிவிப்பும், குறையைச் சரிசெய்ய 60 நாள் அவகாசமும் உண்டு. இத்தகைய சட்டமே இல்லாத மாநிலங்களும் பல. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியதுதான் சட்டம்.

நியூ ஜெர்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழர்கள் அதிகம் வாழும் மாநிலம் என்பது ஒரு காரணம். நம் தொழிலுக்கென்றே ஒரு பொறி அங்கே இருப்பது இன்னொரு காரணம். அங்குள்ள 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஃப்ரான்சைஸி, அதாவது ஃப்ரான்சைஸ் வாங்கி நடத்துபவர், தன் கடமைகளைக் கணிசமாக மீறியிருந்தால் ஒழியப் புதுப்பிக்க மறுக்க முடியாது. கேட்பதற்கு இது மிக வலுவான பாதுகாப்பு. ஆனால் அந்தச் சட்டம் பொருந்த வேண்டுமானால், மாநிலத்துக்குள் ஒரு "தொழிலிடம்" இருக்க வேண்டும். நேரடியாக நுகர்வோருக்கு விற்பவரின் அலுவலகம், கிடங்கு, வீடு, வாகனம் ஆகியவை தொழிலிடம் ஆகா என்று சட்டமே வரையறுக்கிறது. வீட்டின் ஓர் அறையில் கணினியும், வாடகைக் கிடங்கில் உர மூட்டைகளும், தெருவில் இரண்டு வேன்களுமாகத் தொழில் நடத்துபவர் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றுவிடும் வாய்ப்பு இருக்கிறது. உங்கள் நிலைமை எந்தப் பக்கம் விழுகிறது என்பதை ஃப்ரான்சைஸ் வழக்குகளில் பழகிய வழக்கறிஞரிடம் மட்டுமே கேட்க வேண்டும். வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்துக் கொடுத்தவர் இதற்குப் போதாது.

புதிய ஒப்பந்தத்தைப் படிக்கும் முறை

எஃப்.டி.டி.யின் 23 தலைப்புகளும் ஐட்டம் என்று எண்ணிடப்பட்டிருக்கும். ஐட்டம் 17 என்பது புதுப்பித்தல், முடிவு, கைமாற்றம், தகராறு ஆகியவற்றின் அட்டவணை. ஒவ்வொரு வரியும் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவைச் சுட்டுகிறது என்று அதில் போட்டிருக்கும். பழைய எஃப்.டி.டி.யின் ஐட்டம் 17-ஐயும் புதியதையும் அருகருகே வைத்தால், எங்கே மாறியிருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் புலப்படும். ஐட்டம் 6 தொடர்கட்டணங்களைச் சொல்கிறது. ஐட்டம் 12 எல்லையைச் சொல்கிறது. ஐட்டம் 20-இல் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை கிளைகள் திறந்தன, எத்தனை விலகின, எத்தனை புதுப்பிக்கப்படாமல் போயின என்ற கணக்கும், கடைசி நிதியாண்டில் விலகியவர்களின் தொடர்பு விவரமும் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ளவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது, நிறுவனத்தின் எந்த விளக்கப் படத்தைவிடவும் அதிகம் கற்றுத்தரும்.

கட்டணங்களை எண்ணாக எழுதிப் பாருங்கள். ஆண்டுக்கு 6,00,000 டாலர் வருமானம் உள்ள ஒரு தொழிலில் ராயல்டி 6 சதவீதத்திலிருந்து 8 ஆக உயர்ந்தால் ஆண்டுக்குக் கூடுதல் செலவு 12,000 டாலர். விளம்பர நிதி 1-லிருந்து 2 சதவீதமானால் மேலும் 6,000. மாதம் 400 டாலர் புதிய மென்பொருள் கட்டணம் என்றால் 4,800. மொத்தம் 22,800 டாலர். அந்தத் தொழிலின் நிகர லாபம் 12 சதவீதம், அதாவது 72,000 டாலர் என்றால், லாபத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. புதுப்பித்தல் கட்டணமாகக் கேட்கும் சில ஆயிரம் டாலரைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டிவிட்டு, பத்தாண்டுகளுக்கு ஓடப்போகும் இந்தத் தொகையைக் கவனிக்காமல் விடுபவர்களே அதிகம். நிறுவனமும் அந்த ஒருமுறைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முகம் கோணாமல் சம்மதிக்கும்; அதற்கு அதில் பெரிய நஷ்டமில்லை.

ராயல்டி எதன் மீது கணக்கிடப்படுகிறது என்பதையும் பாருங்கள்: கைக்கு வந்த பணத்தின் மீதா, செய்து முடித்த வேலையின் மீதா? குறைந்தபட்ச ராயல்டி என்று ஒரு தொகை புதிதாக நுழைந்திருக்கிறதா? "செயல்முறைக் கையேட்டில் அவ்வப்போது குறிப்பிடும் கட்டணங்கள்" என்ற வாசகம் தென்பட்டால், அந்தக் கட்டணங்களின் பட்டியலையும் உச்ச வரம்பையும் எழுத்தில் கேளுங்கள். வெளிப்படுத்தல் ஆவணத்தில் சொல்லாத கட்டணங்களைக் கையேட்டின் வழியாக வசூலிப்பது சட்டவிரோதம் என்று எஃப்.டி.சி. அலுவலர்கள் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறார்கள்; கேட்கும்போது அதைச் சுட்டிக்காட்டலாம்.

எல்லை விஷயத்தில் நம் தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கடை வைத்து நடத்தும் தொழிலில் எல்லை என்பது கடையைச் சுற்றிய சில மைல். நமக்கோ எல்லைதான் தொழிலே. ஜிப் எனப்படும் அஞ்சல் குறியீடுகளாலோ, தனி வீடுகளின் எண்ணிக்கையாலோ அது வரையறுக்கப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் 40,000 தனி வீடுகள் இருந்த பகுதியில் இன்று புதிய குடியிருப்புகள் வந்து 55,000 ஆகியிருக்கலாம். புதிய படிவம் ஒருவருக்கு 40,000 வீடுகள்தான் என்று சொன்னால், மீதி 15,000 யாருக்குப் போகிறது? பெரும்பாலும் நன்றாக வளர்ந்த, புதிய புல்தரை போட்ட, பணம் கொடுக்கக்கூடிய பகுதிதான் வெட்டி எடுக்கப்படும். வரைபடத்தை எடுத்து, உங்கள் இப்போதைய வாடிக்கையாளர்களின் முகவரிகளை அதில் புள்ளிகளாகக் குறித்து, புதிய எல்லைக்கு வெளியே எத்தனை விழுகின்றன என்று எண்ணுங்கள். வெளியே விழுபவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் உரிமையை ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதி வாங்குங்கள். ஆண்டுதோறும் இத்தனை டாலர் விளம்பரச் செலவு, இத்தனை விற்பனை என்ற இலக்கை எட்டாவிட்டால் எல்லையின் தனியுரிமை போய்விடும் என்ற ஷரத்தும் பெரும்பாலும் இதே பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.

வாடிக்கையாளர் பட்டியல் யாருடையது, தொலைபேசி எண் யாருடையது என்ற கேள்விகளையும் தவிர்க்கக் கூடாது. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக, காலம் முடிந்ததும் எண்ணை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றித்தருகிறேன் என்ற முன்கையெழுத்துப் பத்திரம் பல இடங்களில் இருக்கிறது. பத்தாண்டுகளாக வேன்களிலும் முற்றப் பலகைகளிலும் ஒட்டிய எண் அது. தரவு நிறுவனத்தின் மென்பொருளில் இருந்தால், அதைப் பிரதி எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முன்பணமும் முடிவுத் தேதியும்

புல்வெளிப் பராமரிப்பில் இருப்பவர்கள் குறிப்பாகச் சந்திக்கும் சிக்கல் இது. பொதுவான ஃப்ரான்சைஸ் கையேடுகளில் இதைக் காண்பது அரிது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஆண்டு முழுவதற்குமான பணத்தைத் தள்ளுபடியோடு முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நம் தொழிலின் வழக்கம். ஏழு சுற்றுகளுக்கு 560 டாலர் கட்டிய ஒரு வாடிக்கையாளருக்கு, மே மாத நடுவில் இரண்டு சுற்றுகள்தான் முடிந்திருக்கும். மீதி ஐந்து சுற்றுகள், அதாவது 400 டாலர் மதிப்புள்ள வேலை, பாக்கி. இப்படி 300 பேர் இருந்தால் 1,20,000 டாலர் வேலைக்கடன் உங்கள் தலையில் இருக்கிறது. அந்தப் பணமோ உரத்துக்கும் சம்பளத்துக்கும் ஏற்கெனவே போய்விட்டிருக்கும்.

அந்த மே மாத நடுவில் ஒப்பந்தம் முடிந்து, புதுப்பித்தல் கையெழுத்தாகாமல் நின்றால் என்ன ஆகும்? அந்தப் பெயரில் வேலை செய்யும் உரிமை இல்லை. போட்டித் தடை தொடங்கிவிட்டால் வேறு பெயரிலும் செய்ய முடியாது. வாடிக்கையாளரோ பணத்தை உங்களிடம்தான் கேட்பார். இது தெரிந்த நிறுவனம், முடிவுத் தேதி நெருங்க நெருங்க அவசரப்படுத்தாமலே காத்திருக்கும், அவசரம் உங்களுக்குத்தான்.

இதற்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று, முடிவுத் தேதியை டிசம்பர் 31-க்கு நகர்த்தும் ஒரு பக்கத் திருத்தத்தைப் பேச்சின் தொடக்கத்திலேயே கேட்பது. முன்பண வசூல் தொடங்கும் முன், கடைசிச் சுற்று முடிந்த பின் வரும் அந்தத் தேதியில் இரு தரப்புக்கும் கணக்கு சுத்தமாக இருக்கும்; நிறுவனங்கள் இதைப் பெரும்பாலும் மறுப்பதில்லை. இன்னொன்று, பேச்சு முடியாவிட்டால் பழைய நிபந்தனைகளின் பேரிலேயே 90 நாளோ 180 நாளோ நீட்டிக்கும் கடிதத்தை, முடிவுத் தேதிக்கு முன்பே கையெழுத்திட்டு வாங்குவது. காலம் முடிந்த பிறகும் வழக்கம்போல் ராயல்டி கட்டிக்கொண்டு சும்மா இருப்பது பாதுகாப்பல்ல. சில ஒப்பந்தங்கள் அதை மாதாமாதம் ஓடும் ஏற்பாடாகக் கருதி, எப்போது வேண்டுமானாலும் 30 நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ளும் உரிமையை நிறுவனத்துக்குத் தருகின்றன; சில அந்தக் காலத்துக்குக் கூடுதல் ராயல்டியும் விதிக்கின்றன.

தேதி சம்பந்தமாக இன்னும் ஒன்று. நிதியாண்டு முடிந்து 120 நாட்களுக்குள் எஃப்.டி.டி.யைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. டிசம்பரில் ஆண்டுக்கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு அது ஏப்ரல் 30. ஏப்ரல், மே மாதங்களில் சில மாநிலங்களின் அனுமதிக்காகக் காத்திருக்கும் நிறுவனம், புதிய படிவத்தை உங்களுக்குக் கொடுக்கவே தாமதிக்கலாம். வசந்த காலத்தில் முடியும் ஒப்பந்தங்களைக் குளிர்காலத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிபந்தனைகளை நிறைவேற்றுதல்

புதுப்பிக்கும் உரிமை, "மீறல் ஏதும் இல்லாத" ஃப்ரான்சைஸிக்கு மட்டுமே என்று எழுதியிருக்கும். ஆகவே அறிவிப்பு அனுப்பும் முன் உங்கள் தொழிலை நீங்களே தணிக்கை செய்யுங்கள். ராயல்டி பாக்கி, காப்பீட்டில் நிறுவனத்தின் பெயரைக் கூடுதலாகக் காப்பீடு பெறுபவராகச் சேர்த்த சான்று, எல்.எல்.சி.யின் (உங்கள் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனத்தின்) ஆண்டுப் பதிவு, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு ஆகியவை அதில் அடங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் பூச்சிமருந்து தெளிப்பு உரிமம். வாடிக்கையாளரின் இடத்தில் கூலிக்குக் களைக்கொல்லி தெளிப்பவருக்கு மாநில உரிமம் தேவை. அதைப் புதுப்பிக்கப் பயிற்சி மணிகளைக் கணக்குக் காட்ட வேண்டும். உரிமம் பெற்றிருந்த ஊழியர் வேலையை விட்டுப் போயிருந்தால் தொழிலே உரிமமற்றதாகிவிடக்கூடும். நியூ ஜெர்சியில் உரமிடுவதற்கே தனிச் சான்றிதழ் உண்டு. டிசம்பர் 1 முதல் மார்ச் 1 வரை தொழில்முறையில் உரமிடவும் தடை. இவற்றில் ஒன்று தவறினாலும், உங்களைப் புதுப்பிக்க விரும்பாத நிறுவனத்துக்கு அது கையில் கொடுத்த காரணமாகிவிடும்.

வேன்களின் வயது, மேலே ஒட்டும் படம், நின்றுகொண்டு ஓட்டும் உரத்தூவி இயந்திரம் ஆகியவற்றைப் புதிய தரத்துக்கு மாற்ற வேண்டும் என்ற நிபந்தனை வந்தால், எவை, எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று பட்டியலாகக் கேளுங்கள். நன்றாக ஓடும் வேனுக்குக் குத்தகை முடியும்வரை அவகாசம் கேட்பது நியாயமான கோரிக்கை, கிடைக்கவும் செய்யும்.

விடுதலைப் பத்திரம் இன்னொரு நிபந்தனை. நாளது வரை நிறுவனத்தின் மீது உங்களுக்கு உள்ள எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுவதாக அது சொல்லும். பக்கத்து எல்லைக்காரர் உங்கள் பகுதியில் வேலை செய்ததைப் பற்றியோ, விளம்பர நிதியின் கணக்கைப் பற்றியோ தீராத புகார் இருந்தால், இதில் கையெழுத்திட்ட நொடியில் அது செத்துவிடும். மேரிலாந்தில் அம்மாநில ஃப்ரான்சைஸ் சட்டத்தின் கீழ் எழும் கோரிக்கைகளை இந்தப் பத்திரம் கொல்ல முடியாது; மினசோட்டா விதியும் இத்தகைய பத்திரத்தைக் கட்டாயப்படுத்துவதைத் தடை செய்கிறது. மற்ற இடங்களில், குறைந்தபட்சம் அதை இருவழிப் பத்திரமாக ஆக்கச் சொல்லுங்கள். நீங்கள் அவர்களை விடுவிப்பதுபோல் அவர்களும் உங்களை விடுவிக்கட்டும். பழைய ராயல்டிக் கணக்கை மூன்றாண்டு கழித்துத் தோண்டும் வாய்ப்பு அடைபடும்.

பேசும்போது எதைக் கேட்பது

"எல்லோருக்கும் ஒரே படிவம்தான், மாற்ற முடியாது" என்பது முதல் பதிலாக வரும். படிவத்தை மாற்றாமல், இணைப்பாக ஒரு திருத்தம் சேர்ப்பது எப்போதும் சாத்தியம், அதையே கேளுங்கள். உங்கள் பக்கத்து வலு என்னவென்றால், நீங்கள் போனால் அந்த எல்லையில் புதியவரைக் கண்டுபிடித்து, பயிற்சி தந்து, இத்தனை வாடிக்கையாளர்களைத் தக்கவைக்க அவர்களுக்கு ஓரிரு பருவங்கள் ஆகும், அதுவரை அவர்களின் ராயல்டி வரவு குறையும் என்பதுதான். இதை மிரட்டலாகச் சொல்லாமல், மூன்றாண்டு விற்பனைக் கணக்கையும் வாடிக்கையாளர் தக்கவைப்பு விகிதத்தையும் மேசையில் வைத்துப் பேசினால் போதும்.

என் கருத்தில் கேட்கத் தகுந்த வரிசை இது: முதலில் எல்லை, அடுத்து ராயல்டி உயர்வைச் சில ஆண்டுகளில் படிப்படியாக ஏற்றுவது, அதற்கடுத்து அடுத்த புதுப்பித்தலுக்கும் இப்போதே உரிமை. சொந்த ஜாமீனைப் பற்றியும் பேசலாம். முதல் ஒப்பந்தத்தின்போது அனுபவம் இல்லாத உங்களிடமும் உங்கள் துணைவரிடமும் ஜாமீன் கேட்டதில் நியாயம் இருந்தது. பத்தாண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகு துணைவரின் கையெழுத்தையாவது விலக்கச் சொல்வது முறையான கோரிக்கை. தகராறுகளை நிறுவனத்தின் ஊரில் நடுவர் முன் தீர்க்க வேண்டும் என்ற ஷரத்தை அவர்கள் விட்டுக்கொடுப்பது அரிது. அதற்காக நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புதுப்பிக்காமல் விலகுவதையும் நேர்மையாகக் கணக்கிட்டுப் பாருங்கள். காலம் முடிந்தபின் இரண்டாண்டு, எல்லையும் அதைச் சுற்றிய சில மைல்களும் என்ற அளவில் போட்டித் தடை இருப்பது சாதாரணம். கலிஃபோர்னியாவில் அது பொதுவாகச் செல்லாது, வேறு பல மாநிலங்களில் செல்லும். விற்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், எட்டு மாதமே மீதமுள்ள ஒப்பந்தத்தோடு தொழிலை வாங்க வருபவர் விலையைப் பாதியாகக் கேட்பார். ஒன்று, இரண்டாண்டு முன்னதாகவே விற்க வேண்டும், அல்லது வாங்குபவர் நேரடியாகப் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட நிறுவனத்தின் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும்.

கையெழுத்துக்குப் பின்

கையெழுத்திடும் நாளில் எல்லை வரைபடம், கட்டண அட்டவணை, திருத்த இணைப்பு ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தோடு சேர்ந்திருக்கின்றனவா என்று பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். பேச்சில் ஒப்புக்கொண்டது எதுவும் இணைப்பில் இல்லையென்றால், அது இல்லை. "இதுவே முழு ஒப்பந்தம்" என்ற ஷரத்து மற்ற எல்லா வாக்குறுதிகளையும் துடைத்துவிடும். எல்.எல்.சி. பெயரில் தொழில் நடந்தால், அதன் பெயரும் உங்கள் பதவியும் கையெழுத்தின் கீழ் சரியாக இருக்க வேண்டும்.

புதுப்பித்தல் கட்டணத்தை அதே ஆண்டின் செலவாக முழுவதும் கழித்துவிட முடியாது. வருமான வரிச் சட்டத்தின் 197-ஆவது பிரிவின்படி புதுப்பித்தலும் ஒரு புதிய கொள்முதலாகவே கருதப்படுகிறது; தொகையை 15 ஆண்டுகளில், 180 மாதங்களாகப் பிரித்துக் கழிக்க வேண்டும். விற்பனையைப் பொறுத்து மாதாமாதம் கட்டும் ராயல்டி வழக்கம்போல் அந்தந்த ஆண்டுச் செலவுதான். கணக்காளரிடம் ஒப்பந்தத்தின் பிரதியைக் கொடுத்து இதைச் சொல்லிவிடுங்கள்.

நிறுவனமும் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிய பிரதி உங்கள் கைக்கு வரும்வரை புதுப்பித்தல் முடிந்ததாக எண்ண வேண்டாம். பருவ வேலையின் நெருக்கடியில் அந்தப் பிரதி மாதக்கணக்கில் அவர்கள் மேசையிலேயே கிடப்பதுண்டு. பழைய முடிவுத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பும் அது வராவிட்டால், முன்னர் சொன்ன நீட்டிப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பிரதி வந்ததும் வங்கிக்கும் காப்பீட்டு முகவருக்கும் ஒவ்வொரு நகல் அனுப்பி, அடுத்த அறிவிப்புக் காலத்தின் தொடக்க, முடிவுத் தேதிகளை நாட்காட்டியில் குறித்துவிட்டால் வேலை முடிந்தது.